தொற்றுநோய் நெருக்கடியின்போது நம்பகமான வைரஸ் கட்டுரைகளை வாசகர் கண்ணில் படவைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரு தொற்று பரவத் தொடங்கிய செய்தி வந்ததும் விக்கிப்பீடியா போன்ற கலைக்களஞ்சியங்களுக்கு இரண்டு வகையான கூட்டம் வரும். பதில் தேடி வரும் வாசகர்கள் ஒரு பக்கம். நம்மால் முடிந்ததைச் செய்வோம் என்று வரும் புதிய பயனர்கள் மறுபக்கம். இந்த வழிகாட்டி இரண்டாவது கூட்டத்துக்கானது.

புதியவர்கள் வந்தவுடன் பெரும்பாலும் ஒரே இடத்துக்குத்தான் ஓடுகிறார்கள். அன்றைய பரவலைப் பற்றிய கட்டுரையைத் திறந்து, எண்ணிக்கையைத் திருத்தத் தொடங்குகிறார்கள். அங்கே ஏற்கெனவே தேவைக்கு மேல் ஆட்கள் இருப்பார்கள். தேடுபொறியும் வாசகரை நேராக அங்கேதான் கொண்டுபோய் விடும். அந்தக் கட்டுரைக்கு உங்கள் விளம்பரம் தேவையே இல்லை.

கவனிப்பார் இல்லாமல் கிடப்பவை அடிப்படைக் கட்டுரைகள். வைரஸ் என்றால் என்ன, அது எப்படிப் பெருகுகிறது, தடுப்பூசி எப்படி வேலை செய்கிறது, நோயரும்பு காலம் (தொற்றியதிலிருந்து அறிகுறி தெரியும்வரை உள்ள காலம்) என்பது என்ன என்று பல பேர் பல ஆண்டுகளாகச் செதுக்கிவைத்த கட்டுரைகள் இவை. நெருக்கடி நேரத்தில் இவற்றை முன்னே கொண்டுவருவதுதான் வேலை. செய்யும் வரிசை தப்பினால், நல்லது செய்யப் போய்ப் பிழையான தகவலுக்கு மேடை போட்டுக் கொடுத்த கதையாகிவிடும்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் ஒரு பயனர் கணக்கு. கணக்கு இல்லாமலும் தொகுக்கலாம். ஆனால் நெருக்கடியின்போது முக்கியமான பக்கங்கள் பலவும் பகுதியாகக் காக்கப்பட்டிருக்கும். புத்தம்புதுக் கணக்குகளால் அவற்றைத் தொட முடியாது. ஆகவே கணக்கைத் தேவை வருவதற்கு முன்பே தொடங்கி, சில சின்னத் திருத்தங்களையும் செய்து வையுங்கள்.

அடுத்து, கூட ஒன்றிரண்டு பேர். ஒருவர் தேர்ந்தெடுத்த கட்டுரையை மற்றொருவர் சோதிக்க வேண்டும். தேர்ந்தெடுத்தவருக்கு அந்தக் கட்டுரை மேல் ஒரு பாசம் வந்துவிடும், குறை கண்ணில் படாது. ஒருவராவது உயிரியலோ மருத்துவமோ படித்தவராக இருந்தால் நல்லது. இல்லையென்றால், ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்தைப் படித்து அது என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவராவது வேண்டும்.

மூன்றாவது, சமூகத்தின் ஒப்புதல். முதற்பக்கத்தில், தேர்ந்தெடுத்த கட்டுரைகளைக் காட்டும் ஒரு பெட்டியைச் சேர்ப்பது ஒருவர் எடுக்கும் முடிவல்ல. பொது உரையாடல் பக்கத்தில் என்ன செய்யப்போகிறீர்கள், எவ்வளவு காலம், யார் கவனித்துக்கொள்வார்கள் என்று மூன்று வரியில் எழுதுங்கள். இதைச் செய்யாமல் நேரடியாக இறங்குபவர்களின் உழைப்பு மொத்தமும் ஒரே சொடுக்கில் மீளமைக்கப்பட்டுப் பழைய நிலைக்கே போவதைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

2. வாசகர் என்ன கேட்கிறார் என்று பாருங்கள்

முன்னே வைக்கப்போகும் கட்டுரைகளின் பட்டியலை உங்கள் விருப்பத்திலிருந்து தொடங்காதீர்கள். பக்கப் பார்வைகளைக் காட்டும் கருவியைத் திறந்து, கடந்த சில வாரங்களில் எந்த உடல்நலக் கட்டுரைகளின் கோடு திடீரென்று மேலே ஏறியிருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் அந்தக் கட்டுரைகளின் பேச்சுப் பக்கங்களுக்குப் போங்கள். வாசகர்கள் அங்கே நேரடியாகவே கேள்வி கேட்டிருப்பார்கள்.

இங்கே எதிர்பாராத கட்டுரைகள் மாட்டும். 2020-இல் ஆங்கில விக்கிப்பீடியாவில் 1918-ஆம் ஆண்டு இன்ஃபுளுவென்சா பற்றிய கட்டுரையைப் பெருங்கூட்டம் தேடிப் படித்தது. நூறாண்டுக்கு முன் நடந்த ஒன்றைப் பற்றிய கட்டுரையை எவரும் நெருக்கடிப் பட்டியலில் முதலில் எழுத மாட்டார்கள். ஆனால் 'இதற்கு முன் இப்படி நடந்திருக்கிறதா, அப்போது என்ன ஆனது?' என்பது எல்லார் மனத்திலும் எழும் கேள்வி.

கிடைத்த கேள்விகளை வாசகரின் சொற்களிலேயே எழுதிவைத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே பதில் இருக்கும் கட்டுரையை எழுதுங்கள். 'சோப்பு போட்டால் வைரஸ் எப்படிச் சாகும்?' என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். கொரோனா, இன்ஃபுளுவென்சா போன்ற வைரஸ்களுக்குக் கொழுப்பாலான வெளியுறை உண்டு. சோப்பு அந்த உறையைக் கலைத்துவிடுகிறது. நோரோ வைரஸுக்கு அப்படி உறை கிடையாது. அதனால் ஆல்கஹால் கலந்த கைத்திரவம் அதனிடம் அவ்வளவாகச் செல்லாது, தண்ணீரும் சோப்பும் கொண்டு தேய்த்துக் கழுவி நீக்க வேண்டும். ஆக, இந்தக் கேள்விக்குப் பதில் 'வைரஸ் உறை' பற்றிய கட்டுரையில் இருக்கிறது. பெயரைப் பார்த்து அதை எந்த வாசகரும் தேடி வரமாட்டார். நீங்கள் முன்னே வைக்க வேண்டியது இதுபோன்ற கட்டுரைகளைத்தான்.

'ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் போகுமா?' என்பது இன்னொரு நிலையான கேள்வி. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்கானது, வைரஸைத் தொடாது. இதை ஒரு வரியில் சொல்லும் கட்டுரை உங்கள் களஞ்சியத்தில் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். எங்கேயும் இல்லையென்றால் அதுவும் பட்டியலில் சேர வேண்டிய செய்திதான்.

3. வைரஸ், நோய், பரவல்: மூன்றையும் தனித்தனியாக வையுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. சார்ஸ்-கோவ்-2 என்பது வைரஸ். கோவிட்-19 என்பது அது உண்டாக்கும் நோய். 2019-இன் இறுதியில் தொடங்கிய உலகப் பரவல் ஒரு நிகழ்வு. மூன்றுக்கும் மூன்று கட்டுரைகள். பெயர் வைப்பவர்கள்கூட வேறு வேறு: நோயின் பெயரை உலக சுகாதார அமைப்பும், வைரஸின் பெயரை வைரஸ் வகைப்பாட்டுக்கான பன்னாட்டுக் குழுவும் 2020 பிப்ரவரி 11 அன்று அறிவித்தன.

இதைப் பிரிப்பதற்குக் காரணம், மூன்றும் மூன்று வேகத்தில் மாறுகின்றன என்பதுதான். வைரஸின் அமைப்பு பற்றிச் சொன்னது பெரும்பாலும் அடுத்த மாதமும் செல்லும். நோயின் சிகிச்சை பற்றிச் சொன்னது அடுத்த ஆய்வு வரும்வரை செல்லும். பரவலின் எண்ணிக்கை மறுநாள் காலையிலேயே பழசு. மூன்றையும் ஒரே பெட்டிக்குள் போட்டால், பெட்டி முழுவதும் அந்த மூன்றாவதன் வேகத்தில் காலாவதியாகும்.

என் பரிந்துரை: காட்சிப் பெட்டியில் பெரும்பகுதியை முதல் வகைக்கும், அதற்கும் பின்னால் இருக்கும் பொது அடிப்படைக் கட்டுரைகளுக்கும் கொடுங்கள். இரண்டாம் வகையிலிருந்து ஒன்று போதும். மூன்றாம் வகைக்கு ஓர் இணைப்பு மட்டும், விளக்கம் எதுவும் இல்லாமல்.

4. கட்டுரையைச் சோதியுங்கள்

இதுதான் வேலையின் நடுமையம். சோதனைகளைக் கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள். எளிதில் முடிபவை முன்னால் இருக்கின்றன. அவற்றில் தோற்ற கட்டுரையின் மேற்கோள்களைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.

முதலில் வரலாறு. கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து அண்மைய தொகுப்புகளை மேலோட்டமாகப் பாருங்கள். ஒரே பத்தியை இருவர் மாறி மாறி மீளமைத்துக்கொண்டிருந்தால், அந்தக் கட்டுரையை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். இன்று நீங்கள் படித்துப் பார்த்து ஒப்பிய வரி நாளை அங்கே இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

அடுத்தது பேச்சுப் பக்கம். பதில் கிடைக்காமல் தொங்கும் 'இந்த வரி தவறு' என்ற குறிப்புகள் இருக்கின்றனவா? இருந்தால் அந்த வரியைத்தான் முதலில் பாருங்கள். உங்களுக்கு முன்பே ஒருவர் பாதி வேலையைச் செய்துவைத்திருக்கிறார்.

மூன்றாவது, தரக்குறி. சிறப்புக் கட்டுரை என்ற நட்சத்திரத்தைப் பார்த்ததும் பலர் சோதனையை நிறுத்திவிடுகிறார்கள். அந்த நட்சத்திரம் ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட பதிப்புக்குக் கொடுக்கப்பட்டது. தகுதி பெற்ற நாளின் பதிப்பையும் இன்றைய பதிப்பையும் வேறுபாடு காட்டும் வசதியில் அருகருகே வைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு சேர்ந்த பத்திகள் எவை, அவற்றுக்கு மேற்கோள் உண்டா என்பது சட்டென்று தெரிந்துவிடும். இவ்வளவு பயனுள்ள வசதியை ஏனோ யாரும் இதற்குப் பயன்படுத்துவதில்லை.

நான்காவது, மேற்கோள்கள். எல்லாவற்றையும் திறக்க முடியாது. முன்னுரைப் பகுதியில் சொல்லப்பட்டவற்றுக்கான மேற்கோள்களை மட்டுமாவது திறந்து படியுங்கள். ஏனென்றால் பெரும்பாலான வாசகர்கள் முன்னுரையைத் தாண்டிப் போவதில்லை; நீங்கள் காட்சிக்கு வைக்கப்போவதும் அதைத்தான்.

மருத்துவச் செய்திக்குச் சான்றாக எதை ஏற்கலாம்? பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட மீளாய்வுக் கட்டுரைகள், அங்கீகரிக்கப்பட்ட பாடநூல்கள், பெரிய சுகாதார அமைப்புகளின் வழிகாட்டுதல்கள் ஆகியவற்றை ஏற்கலாம். தனி ஓர் ஆய்வு, செய்தித்தாள் செய்தி, மருந்து நிறுவனத்தின் அறிக்கை ஆகியவை சிகிச்சை பற்றிய கூற்றுக்குப் போதாது. சக ஆய்வாளர் மதிப்பீட்டுக்கு முன்பே இணையத்தில் ஏற்றப்படும் முன்வரைவுகளை, நெருக்கடி நேரத்தில் எவ்வளவு பரபரப்பாகப் பேசப்பட்டாலும், தொடவே வேண்டாம்.

'பெரிய ஆய்விதழில் வந்ததாயிற்றே' என்று யாராவது வாதிட்டால் ஒன்றை நினைவுபடுத்துங்கள். கோவிட் நோயாளிகளுக்கு மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின் கொடுப்பது பற்றிய ஒரு பெரிய ஆய்வு 2020 மே 22 அன்று 'தி லான்செட்' இதழில் வெளிவந்தது. அதைக் கண்டு உலக சுகாதார அமைப்பு தன் சோதனையில் அந்த மருந்துக்கான பிரிவைத் தற்காலிகமாக நிறுத்தியது. ஆய்வின் அடிப்படைத் தரவைச் சரிபார்க்க முடியாமல் போனதால் ஜூன் 4 அன்றே அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. இரண்டு வாரத்துக்கும் குறைவான காலம். அந்த இடைவெளியில் அதை மேற்கோளாகச் சேர்த்தவர்கள், திரும்பிவந்து எடுத்தார்களா?

ஆகவே ஒவ்வொரு ஆய்வு மேற்கோளையும் அதன் எண்ம அடையாள எண் (DOI) வழியாக இதழின் பக்கத்துக்கே போய்ப் பாருங்கள். திரும்பப் பெறப்பட்டதென்றால் பக்கத்தின் தலைப்பிலேயே அந்த அறிவிப்பு இருக்கும். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளுக்கான பப்மெட் தரவுத்தளத்திலும் அதைக் காணலாம்.

அதிகாரபூர்வ அமைப்பு சொன்னது என்பதும் காலவரையற்ற சான்று கிடையாது. கோவிட்-19 காற்றில் பரவும் நோயல்ல என்று உலக சுகாதார அமைப்பு 2020 மார்ச் 28 அன்று தன் ட்விட்டர் கணக்கில் அழுத்திச் சொன்னது. 2021-இல் அதன் விளக்கப் பக்கமே, காற்றில் மிதக்கும் நுண்துகள்கள் வழியாகவும் தொற்று பரவும் என்று மாறியது. கட்டுரையில் 'இன்ன தேதியில் இன்னார் இப்படிச் சொன்னார்கள்' என்று எழுதியிருந்தால் அந்த வரி இன்றும் சரியானதே. 'இது காற்றில் பரவாது' என்று மொட்டையாக எழுதியிருந்தால் அது தவறான தகவல்.

கடைசியாக, எண்கள். இங்கே மூன்று குழப்பங்களைத் தேடிப் பாருங்கள். ஒன்று, இறப்பு வீதம். நோய் உறுதிசெய்யப்பட்டவர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதும், தொற்றியவர்கள் எல்லாரிலும் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதும் வேறு வேறு. பரிசோதனைக்கே வராத லேசான தொற்றாளர்கள் முதல் கணக்கில் வரமாட்டார்கள். அதனால் முதல் எண் பெரும்பாலும் பெரிதாகவே இருக்கும். கட்டுரை எதைச் சொல்கிறது என்று எழுதப்படாவிட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

இரண்டு, பெருக்க எண். யாருக்கும் எதிர்ப்பாற்றல் இல்லாத கூட்டத்தில் ஒருவர் சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்றைக் கொடுப்பார் என்பது அடிப்படைப் பெருக்க எண். முகக்கவசம், தடுப்பூசி, ஊரடங்கு எல்லாம் வந்த பிறகு உண்மையில் எத்தனை பேருக்குக் கொடுக்கிறார் என்பது வேறு எண். செய்திகளில் இரண்டும் கலந்தே வரும். கட்டுரைக்குள்ளும் அப்படியே வந்து உட்கார்ந்திருக்கும்.

மூன்று, நோயரும்பு காலத்தையும் தொற்றைக் கொடுக்கும் காலத்தையும் ஒன்றாக எண்ணுவது. அறிகுறி தெரிவதற்கு முன்பே பிறருக்குக் கொடுக்கும் வைரஸ்கள் உண்டு. இந்தக் குழப்பம் வாசகரின் நடத்தையையே மாற்றக்கூடியது என்பதால் இதில் சந்தேகம் இருந்தால் கட்டுரையைக் காட்சிக்கு வைக்காதீர்கள்.

5. ஓட்டைகளை அடைத்துவிட்டுக் காட்சிக்கு வையுங்கள்

சோதனையில் தேறாத கட்டுரைகளை மூன்றாகப் பிரியுங்கள். ஒரே அமர்வில் சரிசெய்யக்கூடியவை, ஆள் பிடித்துச் செய்ய வேண்டியவை, இப்போதைக்கு முடியாதவை. மூன்றாவதை மனசைக் கல்லாக்கிக்கொண்டு விட்டுவிடுங்கள். பட்டியலில் நான்கு நல்ல கட்டுரைகள் இருப்பது, பத்தில் ஆறு ஓட்டையாக இருப்பதைவிட மேல்.

சரிசெய்யும்போது முன்னுரையிலிருந்து தொடங்குங்கள். அறிவியல் கட்டுரைகளின் முன்னுரை பெரும்பாலும் வகைப்பாட்டில்தான் தொடங்கும்: எந்தக் குடும்பம், எந்தப் பேரினம் என்று. பயத்தோடு வந்திருக்கும் வாசகருக்கு அது இரண்டாவது வரியில் இருந்தால் போதும். ஆங்கில விக்கிப்பீடியாவில் வைரஸ் பற்றிய முழுக் கட்டுரை ஒன்றும், பொது வாசகருக்கான எளிய அறிமுகக் கட்டுரை தனியாக ஒன்றும் இருக்கின்றன. இரண்டுமே சிறப்புத் தகுதி பெற்றவை. உங்கள் களஞ்சியத்தில் அப்படி இரண்டு இல்லையென்றால் முன்னுரையே அந்த எளிய அறிமுகத்தின் வேலையையும் செய்ய வேண்டும்.

காட்சிக்கு வைத்த பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். வைத்த மறுகணமே கூட்டம் வந்துவிடும். கூட்டத்தின் நடுவே பெரிய திருத்தம் செய்தால், ஒரே நேரத்தில் இருவர் தொகுப்பதால் எழும் தொகுப்பு முரண்கள் வந்துகொண்டே இருக்கும்.

6. காப்பும் கவனிப்பும்

முதற்பக்கத்தில் வைக்கப்படும் எந்தக் கட்டுரையும் விஷமத் தொகுப்புகளை இழுக்கும். நெருக்கடி நேரத்தில் வீட்டு வைத்தியம், மருந்து விளம்பரம், 'இது ஆய்வகத்தில் செய்தது' போன்ற வரிகள் கூடுதலாக வரும். ஆகவே பட்டியல் உறுதியானதும், காட்சிக்கு வைப்பதற்கு முன்பே, நிர்வாகிகளிடம் பகுதிக் காப்பு கேளுங்கள். காரணத்தையும் கால அளவையும் சேர்த்துக் கேட்டால் எளிதில் கிடைக்கும். தாக்குதல் எதுவும் நடக்காத பக்கத்துக்கு முன்கூட்டியே காப்புப் போட நிர்வாகிகள் சிலர் தயங்குவார்கள், அதுவும் நியாயம்தான். அப்போது, பக்கத்தில் நடக்கும் மாற்றங்களைக் காட்டும் கவனிப்புப் பட்டியலே கதி.

எல்லாக் கட்டுரைகளையும் குழுவில் உள்ள ஒவ்வொருவரும் தம் கவனிப்புப் பட்டியலில் சேர்க்க வேண்டும். கட்டுரைக்கு ஒருவர் என்று பிரித்துக்கொண்டால், அந்த ஒருவர் தூங்கும் நேரத்தில் கட்டுரையும் அநாதை.

நிர்வாகிகள் மட்டுமே தொகுக்கக்கூடிய முழுக் காப்பைக் கேட்கவே கேட்காதீர்கள். மருத்துவம் தெரிந்த ஒருவர் வந்து பிழையைச் சுட்டித் திருத்த நினைத்தாலும் அவரால் முடியாமல் போகும்.

7. அறிமுகக் குறிப்பை எழுதுங்கள்

காட்சிப் பெட்டியில் கட்டுரையின் பெயரோடு இரண்டு மூன்று வரி அறிமுகம் வரும். புதியவர்கள் எழுதும் முதல் வரைவு ஏறத்தாழ இப்படி இருக்கும்:

'உலகையே அச்சுறுத்திவரும் கொடிய கொரோனா வைரஸ், தினமும் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டு வருகிறது. பாதுகாப்பாக இருக்க இக்கட்டுரையைப் படியுங்கள்.'

இதில் பயம் இருக்கிறது, தேதியில்லாத எண் இருக்கிறது, கலைக்களஞ்சியம் தரக்கூடாத வாக்குறுதி ஒன்றும் இருக்கிறது. வைரஸ் பற்றி மட்டும் ஒன்றுமில்லை. இதையே இப்படி எழுதலாம்:

'கொரோனா வைரஸ்கள் பாலூட்டிகளையும் பறவைகளையும் தாக்கும் ஆர்என்ஏ வைரஸ் குடும்பம். மனிதர்களிடம் சாதாரணச் சளி முதல் சார்ஸ், மெர்ஸ், கோவிட்-19 வரையான நோய்களை உண்டாக்குகின்றன. இவற்றின் கொழுப்பு உறையைச் சோப்பு சிதைக்கிறது.'

இரண்டாவது குறிப்பை ஆறு மாதம் கழித்துப் படித்தாலும் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியிருக்காது. அதுதான் சோதனை. 'தற்போது', 'இதுவரை', 'அண்மையில்' என்ற சொற்கள் குறிப்பில் இருந்தால் அந்த வாக்கியத்தை எடுத்துவிடுங்கள், அல்லது தேதியைப் போடுங்கள்.

அறிவுரையும் வேண்டாம். முகக்கவசம் அணியுங்கள், மருத்துவரைப் பாருங்கள் என்று சொல்வது சுகாதாரத் துறையின் வேலை. அதன் அறிவிப்புகள் வாரத்துக்கு வாரம், இடத்துக்கு இடம் மாறும். கலைக்களஞ்சியத்தின் பெட்டி அவற்றைத் துரத்திக்கொண்டு ஓட முடியாது.

நோயையோ வைரஸையோ ஓர் ஊரின், மக்களின், விலங்கின் பெயரால் அழைப்பதைக் குறிப்பில் தவிருங்கள். புதிய நோய்களுக்குப் பெயர் வைக்கும்போது இவற்றைத் தவிர்க்க வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு 2015-இலேயே நெறிமுறை வெளியிட்டது. செய்திகளில் அடிபடும் பெயரைத் தேடி வருபவர்களுக்கு சரியான கட்டுரைக்குத் தானாகக் கொண்டுசெல்லும் ஒரு வழிமாற்றுப் பக்கம் இருந்தால் போதும்.

8. படத்தைத் தேர்ந்தெடுங்கள்

முதல் கேள்வி உரிமம். இணையத்தில் கிடைத்தது, சுகாதார அமைப்பின் தளத்தில் இருந்தது என்பதெல்லாம் போதாது. உலக சுகாதார அமைப்பின் வெளியீடுகள் வழக்கமாக வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் உரிமத்தில் வருகின்றன. விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேமித்துவைக்கும் விக்கிமீடியா பொதுவகம் அந்த உரிமத்தை ஏற்பதில்லை. 2020 அக்டோபரில் அந்த அமைப்பும் விக்கிமீடியா அறக்கட்டளையும் சேர்ந்து அறிவித்த ஏற்பாட்டின்படி சில விளக்கப்படங்களும் காணொளிகளும் கட்டற்ற உரிமத்தில் பொதுவகத்துக்கு வந்தன. அவற்றைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். மற்றவற்றை நீங்களாகப் பதிவேற்றினால் நீக்கிவிடுவார்கள், உங்கள் பெட்டியில் உடைந்த படம்தான் மிஞ்சும்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் படங்களில் பெரும்பாலானவை பொதுவுடைமை. எல்லாம் அல்ல, அதன் படத் தொகுப்பிலேயே வெளியாருக்கு உரிமையுள்ளவையும் உண்டு. ஒவ்வொரு படத்தின் கீழும் உள்ள உரிமைக் குறிப்பைப் படித்துவிட்டு எடுங்கள்.

இரண்டாவது, படவிளக்கம். மின்னணு நுண்ணோக்கியில் எடுத்த வைரஸ் படம் ஒன்றை உற்றுப் பாருங்கள்: ஊதாப் பின்னணி, மஞ்சள் உருண்டைகள், சுற்றிலும் செம்மை படர்ந்த முட்கள். அந்த நிறம் எதுவும் வைரஸுடையது அல்ல. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர். கொரோனா வைரஸின் விட்டமோ சுமார் 100 நானோமீட்டர்தான். நுண்ணோக்கி இங்கே ஒளிக்குப் பதில் எலக்ட்ரான்களைப் பயன்படுத்துவதால் கிடைப்பது கறுப்பு வெள்ளைப் படம். நிறம் பிற்பாடு கணினியில் ஏற்றியது. படவிளக்கத்தில் 'நிறம் செயற்கையானது' என்று இரண்டு சொல் சேர்த்துவிடுங்கள். கணினியில் வரைந்த மாதிரி என்றால் அதையும் சொல்லுங்கள்.

மூன்றாவது, மனிதர்கள். நோயாளியின் முகம், முகக்கவசம் அணிந்த ஏதோ ஒரு நாட்டுக் கூட்டம் போன்றவற்றைத் தவிருங்கள். பொதுவான கட்டுரைக்குப் பக்கத்தில் அப்படி ஒரு படம் வந்தால், சொல்லாமலே ஒரு கூட்டத்தைக் குற்றவாளி ஆக்கிவிடும்.

9. எங்கே வைப்பது

மூன்று இடங்கள் உண்டு: முதற்பக்கம், வலைவாசல் (ஒரு துறையின் கட்டுரைகளை ஒன்றாகத் தொகுத்துக் காட்டும் பக்கம்), கட்டுரைகளுக்குள் உள்ள இணைப்புகள். புதியவர்கள் முதல் இரண்டுக்குச் சண்டை போடுவார்கள். என் கணிப்பில் மூன்றாவதுதான் அதிகம் பயன்தரும். வாசகர் தேடுபொறியிலிருந்து நேரே பரவல் பற்றிய கட்டுரைக்குள் இறங்குகிறார். முதற்பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. ஆகவே அந்தக் கட்டுரையின் முன்னுரையில் 'வைரஸ்', 'நோயரும்பு காலம்', 'தடுப்பூசி' என்ற சொற்கள் முதன்முதலில் வரும் இடத்தில் உள்ளிணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளிணைப்பு தரும் ஒரு சதுர அடைப்புக்குறி செய்யும் வேலையை எந்தப் பெட்டியாலும் செய்ய முடியாது.

கட்டுரையின் அடியில் வரும் வழிகாட்டி வார்ப்புருக்களை (தொடர்புள்ள கட்டுரைகளின் இணைப்புகளை அடுக்கிய பெட்டிகளை) நம்பி இருக்காதீர்கள். விக்கிப்பீடியாவின் கைபேசிப் பதிப்பில் அவை தெரிவதில்லை. கணினித் திரையில் அழகாக அடுக்கிவைத்துவிட்டு, கைபேசியில் ஒருமுறைகூடத் திறந்து பார்க்காதவர்கள் ஏராளம்.

முதற்பக்கப் பெட்டியை மணல்தொட்டி என்னும் சோதனைப் பக்கத்தில் வார்ப்புருவாக (பல பக்கங்களில் பயன்படுத்தக்கூடிய அச்சாக) செய்து, இருவர் பார்த்து ஒப்பிய பிறகு ஏற்றுங்கள். கட்டுரையின் முன்னுரையைத் தானாக இழுத்துக்காட்டும் வார்ப்புருவா, கையால் எழுதிய குறிப்பா என்ற கேள்வி இங்கே வரும். தானாக இழுத்தால், கட்டுரையில் செய்யும் திருத்தம் உடனே பெட்டியிலும் வந்துவிடும்; விஷமத் தொகுப்பும் அப்படியே வந்துவிடும். காப்பு கிடைத்த கட்டுரைக்குத் தானியங்கி, கிடைக்காததற்குக் கையால் எழுதியது என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையிலிருந்து வரிகளை நகலெடுத்தால், எந்தக் கட்டுரையிலிருந்து எடுத்தீர்கள் என்பதைத் தொகுப்புச் சுருக்கத்தில் எழுதுங்கள். கட்டற்ற உரிமம் என்றாலும் எழுதியவர்களுக்கு நன்மதிப்பு தர வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

10. வைத்த பிறகு

பெட்டிக்கான பேச்சுப் பக்கத்தில் ஒரு சிறு அட்டவணை போடுங்கள்: கட்டுரை, கடைசியாகச் சோதித்த நாள், சோதித்தவர், சோதித்த பதிப்பின் நிலையான இணைப்பு. அந்த நிலையான இணைப்பு முக்கியம். அடுத்த வாரம் சோதிப்பவர் முழுக் கட்டுரையையும் படிக்க வேண்டியதில்லை. அந்தப் பதிப்புக்கும் இன்றைய பதிப்புக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் பார்த்தால் போதும்.

வாரம் ஒருமுறை சோதனை என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையில் சில நிகழ்வுகள் நடந்தால் அன்றைக்கே பார்க்க வேண்டும்: மேற்கோள் காட்டிய ஆய்வு திரும்பப் பெறப்படுவது, சுகாதார அமைப்பு தன் நிலைப்பாட்டை மாற்றுவது, அதிகாரபூர்வப் பெயர் மாறுவது. 2022 நவம்பர் 28 அன்று உலக சுகாதார அமைப்பு குரங்கம்மைக்கு எம்பாக்ஸ் என்ற பெயரைப் பரிந்துரைத்தபோது, பழைய பெயரும் ஓராண்டு வரை கூடவே புழங்கலாம் என்றது. இப்படிப்பட்ட நேரத்தில் கட்டுரையின் தலைப்பை மாற்றச் சமூகம் நேரம் எடுத்துக்கொள்ளும். பெட்டியில் அதுவரை இரண்டு பெயரையும் போடுங்கள். தலைப்பு நகர்த்தப்பட்டால் பழைய தலைப்பிலிருந்து வழிமாற்று சரியாக இருக்கிறதா என்று சொடுக்கிப் பாருங்கள்.

பிழை ஒன்று கண்ணில் பட்டால், முதலில் பெட்டியிலிருந்து கட்டுரையை எடுங்கள், பிறகு பிழையைத் திருத்துங்கள். திருத்தத்துக்கு விவாதம் தேவைப்படலாம், எடுப்பதற்குத் தேவையில்லை.

11. எப்போது எடுப்பது

ஒப்புதல் கேட்கும்போதே முடியும் நாளையும் குறிப்பிட்டிருந்தால் இந்தக் கேள்வி எளிது. குறிப்பிடாதவர்கள் ஏதாவது ஒரு வெளி அளவுகோலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கோவிட்-19-க்கான பன்னாட்டுப் பொதுச் சுகாதார அவசரநிலை 2020 ஜனவரி 30 முதல் 2023 மே 5 வரை நீடித்தது. அவ்வளவு காலம் ஒரே பெட்டியை முதற்பக்கத்தில் வைத்திருந்தால் வாசகர் கண் அதைத் தாண்டிப் போகப் பழகிவிடும். பக்கப் பார்வைகளின் கோடு பழைய நிலைக்கு இறங்கிவிட்டால் அவசரநிலை அறிவிப்பு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். முதற்பக்கத்திலிருந்து எடுத்து வலைவாசலுக்கு நகர்த்துங்கள்.

வார்ப்புருவை நீக்கக் கேட்காதீர்கள். எம்பாக்ஸுக்கு 2022 ஜூலையில் அறிவிக்கப்பட்ட அவசரநிலை 2023 மே மாதம் முடிந்தது. 2024 ஆகஸ்டில் மீண்டும் அறிவிக்கப்பட்டது. பெட்டியையும் சோதனை அட்டவணையையும் திட்டப் பக்கத்தின் துணைப்பக்கமாக வைத்திருந்தால், மறுபடி எடுக்கும்போது அட்டவணையில் உள்ள நிலையான இணைப்புகளிலிருந்து வேறுபாடு பார்த்தே நான்காம் படியைத் தொடங்கலாம். கேட்டு வாங்கிய பகுதிக் காப்புகள் காலம் முடிந்தும் நீடிக்கின்றனவா என்று பார்த்து, நீடித்தால் அவற்றையும் விலக்கச் சொல்லுங்கள்.